ஜிம் பசங்களும் கேஸ் மாத்திரையும்: ஒரு குன்னூர் மெடிக்கல் ஷாப்காரனோட பார்வை

எங்க கடைக்கு எதிர் பில்டிங் மாடியில ஜிம் வந்ததுக்கு அப்புறம் கேஸ் மாத்திரை ஓடுற வேகமே மாறிப்போச்சு. முன்னாடியெல்லாம் அது வயசானவங்க சமாச்சாரம், கல்யாண சீசன்ல பிரியாணி தின்னுட்டு வர்றவங்க சமாச்சாரம். இப்ப சாயங்காலம் ஏழு மணிக்கு மேல ஸ்லீவ்லெஸ் பனியனுக்கு மேல ஜெர்கின் மாட்டிக்கிட்டு, கையில புரோட்டீன் பவுடர் கலக்குற ஷேக்கரோட, இருபது இருபத்திரண்டு வயசுப் பசங்க வந்து நிக்கிறாங்க. "அண்ணா, வயிறு உப்பிக்கிட்டே இருக்கு, ஏதாச்சும் குடுங்க." கொஞ்சம் கூச்சப்படுற பையன்னா கடையில வேற ஆள் இல்லாத நேரமா பாத்து வந்து மெதுவா, "அண்ணா, நாலு நாளா மோஷனே போகல"ம்பான். இன்னொருத்தனுக்கு அப்படியே தலைகீழ், காலைல ஷேக் குடிச்சா அரை மணி நேரத்துல பாத்ரூமுக்கு ஓட்டம்.

நான் டாக்டர் இல்ல, பார்மசி படிச்சவன், கவுண்டருக்குப் பின்னாடி நின்னு நிறைய வயிறு கதை கேட்டவன், அவ்வளவுதான். ஆனா இத்தனை பேர்கிட்ட பேசினதுல எனக்கு ஒரு தெளிவு வந்துருக்கு. எல்லாரும் "புரோட்டீன் ஒத்துக்கல"ங்கிறாங்க. பெரும்பாலானவங்க விஷயத்துல புரோட்டீன் மேல தப்பே இல்ல. புரோட்டீன் கூட ஒட்டிக்கிட்டு உள்ள வந்தது ஒண்ணு, புரோட்டீனுக்கு இடம் விடணும்னு தட்டுல இருந்து வெளிய தள்ளினது ஒண்ணு, இந்த ரெண்டும்தான் வேலையக் காட்டுது. அதுக்கு மேல நம்ம மலைக் குளிரும் உயரமும் தன் பங்குக்கு கொஞ்சம் சேத்து வைக்குது.

நான் மொதல்ல கேக்குற கேள்வி, "பவுடர எதுல கலக்குற?"

பத்துல ஏழு எட்டு பேர் சொல்ற பதில் பால். அதுவும் பெரிய டம்ளர் நிறைய, சிலர் அரை லிட்டர் பாக்கெட்டையே பிரிச்சு ஊத்துறாங்க. இங்கதான் கதை ஆரம்பிக்குது. வே புரோட்டீன்ங்கிறது சீஸ் பண்ணும்போது பால் திரிஞ்சு பிரியுற தண்ணியில இருந்து எடுக்குறது. பால்ல இருக்குற புரோட்டீன்ல ஏறக்குறைய 80 சதவீதம் கேசின், மீதி 20 சதவீதம்தான் வே. டப்பால கான்சென்ட்ரேட்னு போட்டிருந்தா அதுல கொஞ்சம் லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை, மிச்சம் இருக்கும். ஐசோலேட்னா அதையும் கிட்டத்தட்ட எடுத்துருவாங்க. ஒரு ஸ்கூப், அதாவது டப்பாவோட வர்ற அளவுக் கரண்டி, கான்சென்ட்ரேட்ல லாக்டோஸ் ஒண்ணு ரெண்டு கிராம் இருந்தா அதிகம். ஆனா நீ ஊத்துற 300 மில்லி பால்ல இருக்குறது 14, 15 கிராம்! பையன் பவுடர் பிராண்ட மாத்துறான், மறுபடி மாத்துறான், காசு போட்டு ஐசோலேட் வாங்குறான், வாங்கிட்டு அதையும் பால்லயே கலக்குறான். வயிறு எப்படி சரியாகும்?

லாக்டோஸ உடைக்க சிறுகுடல்ல லாக்டேஸ்னு ஒரு என்சைம் வேணும். குழந்தையில எல்லாருக்கும் இருக்கும், வளர வளர உலகத்துல பாதிக்கு மேல மக்களுக்கு அது குறைஞ்சுரும், இது நோயில்ல, இயற்கை. காலங்காலமா மாடு எருமை மேய்ச்சு பால்லயே வாழ்ந்த கூட்டத்துக்கு வளர்ந்தப்புறமும் பால் செரிக்குற தன்மை அதிகமா இருக்கும். இந்தியாவுலயே வடமேற்குப் பக்கம் அது ஜாஸ்தி, நம்ம தெக்குப் பக்கம் கம்மி. என்சைம் பத்தாதவங்களுக்கு லாக்டோஸ் அப்படியே பெருங்குடலுக்குப் போகுது, போகும்போதே தண்ணிய இழுத்துக்கிட்டுப் போகுது, அங்க இருக்குற பாக்டீரியா அதப் புளிக்க வைக்குது, ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலருக்கு மீத்தேன். உப்புசம், கடமுடா சத்தம், லூஸ் மோஷன், எல்லாம் இந்த ஒரே வழியில வர்றதுதான். டீயில ஊத்துற கொஞ்சூண்டு பால் ஒண்ணும் பண்ணாது, தயிர் பன்னீர்ல லாக்டோஸ் குறைவு அதனால அதுவும் பரவால்ல, அதான் பசங்க "எனக்குப் பால் ஒத்துக்கும்ணா, டெய்லி டீ குடிக்கிறேனே"னு வாதம் பண்றாங்க. டீ வேற, வெறும் வயித்துல முக்கால் சொம்பு பால் வேற தம்பி.

தண்ணில கலந்து குடின்னா அடுத்த பிரச்சனை. டிசம்பர் ஜனவரி காலைல அஞ்சரை மணிக்கு குன்னூர்ல பைப் தண்ணிய வாயில வெச்சுப் பாருங்க, பல்லு கூசும். அதனால கெட்டில்ல கொதிக்கவெச்சு சுடச்சுட ஊத்துறாங்க. வே அந்தச் சூட்டுல வெந்து கட்டி கட்டியாயிரும், வடிகட்டினாலும் போகாத மாதிரி வெள்ளை வெள்ளையா மிதக்கும். மூடி போட்டுக் குலுக்கினா உள்ள ஆவி அழுத்தம் ஏறி மூடி தெறிச்சு செவுத்துல சாக்லேட் கலர்ல கோலம். ஒரு பையன் அவங்க அம்மாவோட வெள்ளை ஸ்வெட்டர்ல அடிச்சுட்டு வந்து கறை போக என்ன வழின்னு என்கிட்ட கேட்டான், அதுக்கு மருந்து எங்கிட்ட இல்ல. பச்சத்தண்ணி ரெண்டு ஸ்பூன் விட்டு மொதல்ல பேஸ்ட் மாதிரி குழைச்சுட்டு, அப்புறம் வெதுவெதுன்னு இருக்குற தண்ணிய சேத்தா போதும், ஸ்பூனாலயே கலக்கலாம். ரொம்பக் குலுக்கி நுரை பொங்க பொங்கக் குடிச்சா அந்தக் காத்தும் சேந்துதான் வயித்துக்குள்ள போகுது, ஏப்பம் வர்றதுக்கு அதுவும் ஒரு காரணம். ஷேக்கர் வாசத்தப் பத்தி நான் பேச விரும்பல, மூடியக் கழட்டி அந்த ரப்பர் வளையத்த எடுத்து சோப்பு போட்டுக் கழுவுங்கப்பா, தயவு செஞ்சு.

பால நிறுத்தியும் சரியாகலன்னா டப்பாவத் திருப்பிப் பின்னாடி இருக்குற பொடி எழுத்தப் படிக்கணும். சுக்ரலோஸ், சாந்தன் கம், குவார் கம்னு எழுதிருப்பாங்க. குவார் கம் ஒண்ணும் பயப்படுற ஐட்டம் இல்ல, நம்ம கொத்தவரங்கா விதையில இருந்து எடுக்குறதுதான், கெட்டியா இருக்கணும்னு போடுறது, ஆனா சிலருக்கு அதுவும் கேஸ் கட்டும். புரோட்டீன் பார்ல மால்டிடால், சார்பிடால்னு ஒரு ரகம் இனிப்பு வரும், சுகர் ஃப்ரீன்னு பெருமையா முன்னாடி போட்டு இத பின்னாடி போட்டிருப்பான். இது சரியா உறிஞ்சப்படாது, லாக்டோஸ் மாதிரியே தண்ணிய இழுக்கும். நம்ம ஊர் பேரிக்காய்லயும் பிளம்ஸ்லயும் இயற்கையா இருக்குறது அதே சார்பிடால்தான், அதான் சீசன்ல பேரிக்காய் தின்னா மறுநாள் காலைல சுலபமா போகுது. ஒரு பழத்துல வர்ற அளவு மருந்து, நாலு பார்ல வர்ற அளவு பேதி. எடை ஏத்துறதுக்குன்னு விக்கிற மாஸ் கெயினர் பவுடர் கதை இன்னும் மோசம், அதுல புரோட்டீன விட மால்டோடெக்ஸ்ட்ரின்ங்கிற மாவுதான் நிறைய, சில டப்பால ஒரு சர்விங்கே 100 கிராமுக்கு மேல, சிலது 300 கிராம் கூட, அத்தனையையும் பால்ல கரைச்சு ஒரே மடக்குல குடிச்சா எந்த வயிறு தாங்கும். ஒல்லியான பசங்கதான் இதுல மாட்டுறாங்க, அவங்களுக்கு ரெண்டு வேளை கூட சாப்பிடுறதும் வேர்க்கடலையும் வாழைப்பழமும் அதே வேலையப் பண்ணும், ஆனா அதுல டப்பா கிடையாதே, ஸ்டேட்டஸ் போட முடியாதே.

சரி, அளவுக்கு வருவோம், இதச் சீக்கிரம் சொல்லிட்டுப் போறேன். சாதாரண ஆளுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரோட்டீன்னு நம்ம இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், ஐசிஎம்ஆர், சொல்லுது, 70 கிலோ ஆளுக்கு 58 கிராம். வெயிட் தூக்குறவங்களுக்கு 1.6 கிராம் வரைக்கும் போனா தசை வளர பிரயோஜனம் உண்டு, அதுக்கு மேல சராசரியா பெருசா லாபம் இல்லன்னு 49 ஆய்வுகள ஒண்ணாச் சேத்துப் பாத்து 2018-ல ஒரு கட்டுரை வந்துச்சு. அப்ப 112 கிராம். ஆனா மாடி ஜிம்ல சொல்லிக்குடுக்குற கணக்கு அமெரிக்கா வீடியோல வர்ற பவுண்டுக்கு ஒரு கிராம் கணக்கு, அதுவே 154. அதுக்கு மேல "சேஃப்டிக்கு" ரெண்டு ஸ்கூப். சிலர் 200 தாண்டிப் போறாங்க. ஒரே நேரத்துல 30 கிராம்தான் உடம்பு எடுத்துக்கும் மீதி வேஸ்ட்டுன்னு ஒரு கதை உண்டு, அது சரியில்ல, நெதர்லாந்துல 2023-ல வந்த ஆய்வுல ஒரே தடவையா 100 கிராம் பால் புரோட்டீன் குடுத்தும் உடம்பு பல மணி நேரம் எடுத்து மெதுவா அதப் பயன்படுத்திருக்கு. உடம்பு எடுத்துக்கும். வயிறு சந்தோஷமா எடுத்துக்குமாங்கிறது வேற விஷயம்.

இப்ப நான் ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்ச விஷயம். தட்டுல இருந்து வெளிய போனது.

போன மழை சீசன்ல ஒரு அம்மா கடைக்கு வந்தாங்க, கோத்தகிரி ரோட்டுப் பக்கம் ஒரு ஹட்டியில, அதாவது படுகர் ஊர்ல இருந்து, படுகர் வீட்டம்மா, தலையில வெள்ளைத் துணி கட்டிக்கிட்டு. பையன் ஆர்மி செலக்‌ஷனுக்கு ரெடியாகுறான், பட்டாளம் இருக்குற வெலிங்டன் பக்கம் இருந்துட்டு அந்த ஆசை வராத பையன் கம்மி. "தம்பி, இவன் களியும் தொட மாட்டேங்கிறான், அவரைக் கொழம்பும் தொட மாட்டேங்கிறான், எல்லாம் கார்பாம். கோழியும் முட்டையுமாவே திங்கிறான். பாத்ரூம் போனா முக்கால் மணி நேரம் வர மாட்டேங்கிறான்பா." பையன் பின்னாடி நின்னு செருப்பப் பாத்துக்கிட்டு இருந்தான், காது ரெண்டும் செவந்துபோச்சு. நான் அவன ஒண்ணுதான் கேட்டேன், "நேத்து தின்னதுல செடியில வெளஞ்சது எது தம்பி?" ரொம்ப யோசிச்சுட்டு, "டீ"ன்னான்.

சிரிப்பு வந்தாலும் இதுதான் நெலம. கோழியில நார்ச்சத்து பூஜ்யம். முட்டையில பூஜ்யம். வே பவுடர்ல கிட்டத்தட்ட பூஜ்யம். ராகியில 100 கிராமுக்கு 11 கிராம் பக்கம் இருக்கு, வெள்ளை அரிசியில அதுல கால்வாசிதான். ஒரு நாளைக்கு 30 கிராமாவது நார்ச்சத்து வேணும்ங்கிறது கணக்கு. அந்தம்மா வீட்டுல பரம்பரையா இருந்த சாப்பாடு என்ன, ராகி களி, அவரை, கீரை, உருளைக்கெழங்கு, மோர். நார்ச்சத்துக்குப் பஞ்சமே இல்லாத தட்டு, அவரையில புரோட்டீனும் இருக்கு. அதத் தூக்கிப் போட்டுட்டு பையன் கடையில வந்து இசப்கோல் வாங்குறான். இசப்கோலும் நார்தானே, களியில இருந்தத டப்பால காசு குடுத்து வாங்குறோம்.

நார்ச்சத்து இல்லாட்டி மலம் அளவு குறைஞ்சு இறுகிப் போகுது, குடல் தள்ளுறதுக்கு ஒண்ணும் இல்ல. இன்னொண்ணு, பெருங்குடல் பாக்டீரியாவுக்குத் தீனி நார்தான், அது கெடைக்காதப்போ சிறுகுடல்ல செரிக்காம மிச்சமா வர்ற புரோட்டீன அதுங்க திங்க ஆரம்பிக்குது, அதுல அமோனியா, ஹைட்ரஜன் சல்ஃபைடு எல்லாம் வருது. முட்டையிலயும் வேயிலயும் கந்தகம் இருக்குற அமினோ அமிலம் நிறைய, மெத்தியோனின் சிஸ்டீன்னு. அழுகின முட்டை வாசம்னு சொல்றோமே அது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாசம்தான். மேட்டுப்பாளையம் பஸ்ல குளிருக்கு ஜன்னல் எல்லாம் மூடிட்டு, பக்கத்து சீட்டுல பல்க்கிங்ல, அதான் உடம்பு ஏத்துறதுல, இருக்குற பையன் உக்காந்திருந்தா என்ன ஆகும்னு அனுபவிச்சவங்களுக்குத் தெரியும்.

இதுல தண்ணி விஷயம் வேற. நார் மட்டும் கூட்டி தண்ணி குடிக்கலன்னா இன்னும் இறுகும், இசப்கோல அர டம்ளர் தண்ணியில முழுங்கிட்டு போறவங்கள நான் கூப்பிட்டு நிறுத்திச் சொல்லுவேன். குளிர்ல தாகம் சரியாத் தெரியாது, ஆனா ஒண்ணுக்கு மட்டும் அடிக்கடி வரும். புரோட்டீன் ஏறினா யூரியா ஏறும், அத வெளிய தள்ளவும் தண்ணி வேணும். கோயமுத்தூர்ல ஜிம் பையன் வேர்த்து ஊத்தி ரெண்டு பாட்டில் குடிப்பான், இங்க பையன் ஒரு பாட்டில் எடுத்துட்டுப் போய் முக்காவாசிய அப்படியே திருப்பிக் கொண்டு வருவான். சுடுதண்ணி, சீரகத் தண்ணி, ரசம், எதுவோ ஒண்ணு, உள்ள போகணும்.

இறுகின மலத்த முக்கி முக்கித் தள்ளுறான், அப்புறம் ஸ்குவாட், டெட்லிஃப்ட்ல மூச்சப் புடிச்சு முக்குறான், பெல்ட்ட வேற இறுக்கிக் கட்டியிருக்கான். ரத்தம் வந்ததும் மூலம்னு பயந்து வர்றாங்க. நிறைய பேருக்கு அது மூலம் இல்ல, ஆசனவாய்ல வெடிப்பு, ஃபிஷர், போகும்போது ப்ளேடு போட்ட மாதிரி எரியும், நெடு நேரம் வலிக்கும். எதுவா இருந்தாலும் ரத்தம் பாத்தா மெடிக்கல் ஷாப் கிரீமோட நிறுத்தாம டாக்டர்கிட்ட ஒருக்கா காட்டிருங்க, கூச்சம் பாக்குற எடம் இல்ல.

பவுடருக்குக் காசு இல்லாதவன் சோயா பக்கம் போறான், நம்ம மீல் மேக்கர். 100 கிராமுக்கு 50 கிராம் தாண்டி புரோட்டீன், விலையும் கம்மி, நல்ல சாமான்தான். ஆனா சோயாவுலயும் பயறு வகைகள்லயும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ்னு சர்க்கரை உண்டு, அத உடைக்குற என்சைம் மனுஷ வயித்துக்கே கிடையாது, யாருக்குமே கிடையாது, எல்லாருக்கும் கேஸ்தான், அளவுதான் வித்தியாசம். ஊறவெச்ச தண்ணியக் கொட்டிட்டு மீல் மேக்கர நல்லாப் பிழிஞ்சு எடுத்தா கொஞ்சம் குறையும். திடீர்னு ஒரு நாள் 100 கிராம் வறுத்துத் திங்கக் கூடாது, கைப்பிடியில ஆரம்பிச்சு வாரக்கணக்குல கூட்டணும், குடலுக்கும் பழக்கம்னு ஒண்ணு உண்டு.

பயறு விஷயத்துல மலை வேற மாதிரி விளையாடும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்க தண்ணி 100 டிகிரியில கொதிக்காது, 92, 93-லயே கொதிச்சுரும். குன்னூர்ல 94 பக்கம். தளபுளன்னு கொதிக்குறதப் பாத்து வெந்துருச்சுன்னு நெனச்சா ராஜ்மா உள்ள கடுக்குன்னு இருக்கும். அரைவேக்காடு ராஜ்மா வெறும் கேஸ் இல்ல, அதுல இருக்குற லெக்டின்ங்கிற நச்சுப் புரோட்டீன் சரியா சாகலன்னா ரெண்டு மூணு மணி நேரத்துல வாந்தியும் பேதியுமா படுக்க வெச்சுரும். ரூம் எடுத்துத் தங்கி எலக்ட்ரிக் கெட்டில்ல ராஜ்மா, சுண்டல் வேகவெக்குற பசங்க இருக்காங்க, சத்தியமா இருக்காங்க. குக்கர் வாங்குங்கப்பா, இங்க குக்கர் இல்லாம பயறு வேகாது. ஊறவெக்குறதுக்கும் நேரம் கூட வேணும், குளிருக்கு ராத்திரி ஊறவெச்சது காலைல பாதிதான் ஊறியிருக்கும், வெதுவெதுப்பான தண்ணியில போடணும். முளைகட்டுறதுக்கு கீழ ஒரு நாள்னா இங்க ரெண்டு மூணு நாள் ஆகும், அதுக்குள்ள நாத்தம் புடிக்காம பாத்துக்கணும்.

முட்டைக்கும் இதே கதைதான், கீழ வேகுற நேரத்துல இங்க வேகாது. ஆனா அதவிடப் பெரிய கூத்து பச்சை முட்டை. நாட்டுக்கோழி முட்டைய உடைச்சு அப்படியே வாயில ஊத்தினாத்தான் பலம்னு தாத்தா காலத்து நம்பிக்கை. பெல்ஜியத்துல 1998-ல அளந்து பாத்தாங்க, வேகவெச்ச முட்டையோட புரோட்டீன்ல 91 சதவீதம் செரிச்சுது, பச்சை முட்டையில 51 சதவீதம்தான். ஆறு பச்சை முட்டை குடிக்குறவன் மூணு முட்டை புரோட்டீன பாக்டீரியாவுக்கு மொய் வெக்குறான். சால்மோனெல்லா ரிஸ்க்கு தனி. பச்சை வெள்ளைக்கருவுல இருக்குற அவிடின் பயோட்டின் வைட்டமின புடிச்சு வெச்சுக்கும், அதும் தனி.

அப்புறம் ஒரு விசித்திரமான விஷயம். கோயமுத்தூர்ல டப்பா வாங்கிட்டு வர்றவங்க மூடியத் தெறந்தா உள்ள ஒட்டியிருக்குற அலுமினிய ஃபாயில் சீல் மேல்நோக்கி உப்பி நிக்கும், விரலால தட்டினா மேளம் மாதிரி டம் டம்முங்கும். பவுடர் கெட்டுப்போச்சான்னு கேட்டு எங்கிட்டயே தூக்கிட்டு வந்துருக்காங்க. கெடல, கீழ அடைச்ச காத்து, மேல வெளிக்காத்து அழுத்தம் கம்மி, அதான். சிப்ஸ் பாக்கெட்டும் இப்படித்தான் மலை ஏறுற வழியில பர்லியார் தாண்டினதும் உப்பும். இதே கணக்கு உங்க குடல்ல இருக்குற காத்துக்கும் பொருந்தும். மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டி வர்றதுக்குள்ள அடைபட்ட காத்தோட கன அளவு கால்வாசி பக்கம் கூடும். வீக்கெண்டுக்கு கீழ போய் பார்பிக்யூ பஃபேல காசு எடுக்குறேன்னு ரெண்டு கிலோ தின்னுட்டு கொண்டை ஊசி வளைவு ஏறுற பையன் பேண்ட் பட்டனக் கழட்டி விடுறது இதனாலதான். ஆனா இது ஏறும்போது நடக்குறது மட்டும்தான், காத்து வெளிய போனா தீந்துச்சு, மேலயே குடியிருக்கவங்க தெனமும் உப்புறதுக்கு மலையக் காரணம் காட்ட முடியாது. காட்டுறாங்க.

இந்த இடத்துல குன்னூர்க்காரனா ஒரு பெருமைய சொல்லியே ஆகணும். சிம்ஸ் பார்க் பக்கத்துல இருக்குற பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்ட நாய்க்கடி ஊசியோடதான் எல்லாரும் சேத்துப் பேசுவாங்க. அங்க 1918-ல ஒரே ஒரு ரூம்ல ராபர்ட் மெக்காரிசன்ங்கிற டாக்டர் பெரிபெரிங்கிற சத்துக் குறைவு நோய்க்கு ஆராய்ச்சி ஆரம்பிச்சார். அது 1928-ல நியூட்ரிஷன் ரிசர்ச் லேபரட்டரியா வளந்து, 1958-ல ஹைதராபாத்துக்குப் போயி, 1969-ல நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் நியூட்ரிஷன் ஆச்சு. நாடு பூரா சாப்பாட்டுக் கணக்கு சொல்ற நிறுவனம் நம்ம ஊர் ஒத்த ரூம்ல பொறந்தது, ஜிம் போற பசங்க தெனமும் அதத் தாண்டித்தான் ஜாகிங் போறாங்க. மெக்காரிசன் சத்து கெட்ட சாப்பாட்ட குரங்குகளுக்குக் குடுத்துப் பாத்தப்போ மொதல்ல அடி வாங்கினதுல குடலும் ஒண்ணு, பேதி, குடல் புண்ணு. அப்புறம் இந்தியாவுல ஒவ்வொரு பகுதி ஆளுங்க சாப்பாட்டையும் எலிகளுக்குப் போட்டுப் பாத்தார். நல்லா வளந்தது பஞ்சாப் சீக்கியர் சாப்பாட்டுல வளந்த எலி. பையன்கள் இதக் கேட்டதும் "பாத்தீங்களா, பால், இறைச்சி"ம்பாங்க. அந்தத் தட்டுல முழுக் கோதுமை ரொட்டி இருந்துச்சு, பருப்பு இருந்துச்சு, பச்சைக் காய் இருந்துச்சு, இறைச்சி எப்பவாச்சும்தான். நம்ம சைடு தீட்டின அரிசி சாப்பாடு தோத்ததும் உண்மை, அதையும் மறைக்க வேணாம்.

அதே நிறுவனம்தான் 2024 மே மாசம் 17 வழிகாட்டுதல் வெளியிட்டு, அதுல உடம்பு ஏத்துறதுக்கு புரோட்டீன் சப்ளிமெண்ட் வேணாம்னு சொல்லுச்சு. பசங்க கோவப்பட்டாங்க. எனக்கும் அதுல முழு சம்மதம் இல்ல, ரெண்டு ஷிஃப்ட் வேலைக்கு நடுவுல எக்சர்சைஸ் பண்ற, கறி திங்காத பையனுக்கு ஒரு ஸ்கூப் வசதியான விஷயம்தான். ஆனா எந்த டப்பாங்கிறதுல உஷாரா இருக்கணும், கேரளா பக்கம் டாக்டர்கள் 36 புரோட்டீன் பவுடர சோதிச்சு 2024-ல போட்ட கட்டுரையில கிட்டத்தட்ட 70 சதவீதத்துல லேபிள்ல போட்ட புரோட்டீன் அளவு சரியில்ல. அப்ப உள்ள வேற என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும், வயிறு கெட்டா எதுன்னு கண்டுபுடிக்கறது?

எக்சர்சைஸுக்கு முன்னாடி போடுற, காஃபின் இருக்குற ப்ரீ வொர்க்அவுட் பவுடர வெறும் வயித்துல போட்டுட்டு மேல ஒரு ஸ்ட்ராங் டீயும் அடிச்சா காஃபின் குடல முடுக்கி விடும், ஸ்குவாட் ரேக்குல இருந்து நேரா டாய்லெட். தசை பலத்துக்குன்னு போடுற கிரியேட்டின் பவுடர 10 கிராம் ஒரே அடியா போட்டா சிலருக்கு பேதியாகும், அஞ்சு அஞ்சா பிரிச்சா குறையும், தெனமும் 3-ல இருந்து 5 கிராம் போதும், ஆரம்பத்துல லோடிங்னு 20 கிராம் போட்டே ஆகணும்னு அவசியமில்ல.

கடைசியா என் கவுண்டர்ல இருக்குற பொருளப் பத்தி. பேண்டப்ரசோல். "அண்ணா ஒரு அட்டை பேன் போர்ட்டி"னு டீக்கடையில பன் கேக்குற மாதிரி கேக்குறாங்க. அது இரைப்பையில ஆசிட் சுரக்குறதக் குறைக்குற மருந்து. நெஞ்செரிச்சலுக்கு, புண்ணுக்குச் சரி. ராத்திரி பத்தரைக்கு அரைக் கோழி தின்னுட்டு பதினொண்ணுக்குப் படுத்து, புளிச்ச ஏப்பம் தொண்டைக்கு வர்றவனுக்கு அது கொஞ்ச நாள் உதவும், ஆனா சாப்பாட்ட எட்டு மணிக்கு மாத்தினா அதவிட உதவும். பெருங்குடல்ல உருவாகுற கேஸுக்கும் அந்த மாத்திரைக்கும் சம்பந்தமே இல்ல. புரோட்டீன் செரிக்குற வேலைய ஆரம்பிச்சு வெக்கிறதே அந்த ஆசிட்டும் பெப்சின்ங்கிற என்சைமும்தான், புரோட்டீன் செரிக்கலன்னு வந்து ஆசிட்ட அடைக்குற மாத்திரையக் கேக்குறது எனக்கு எப்பவுமே புரியாத கணக்கு. வருஷக்கணக்குல போட்டா பி12, மெக்னீசியம் குறையலாம். சீட்டு இல்லாம கேட்டா நான் தர்றதில்ல, அதுக்காக ரெண்டு கஸ்டமர் பக்கத்துக் கடைக்குப் போயிட்டாங்க, போகட்டும்.

நான் பசங்ககிட்ட சொல்றது இதான். ரெண்டு வாரம் பால நிறுத்தி தண்ணில கலந்து பாரு. புரோட்டீன் பாரும் கெயினரும் நிறுத்து. களியோ சாமைச் சோறோ கேரட் பீன்ஸ் பொரியலோ தட்டுல பாதி வரணும், பழம் ஒண்ணு, நாரக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் கூட்டணும், ஒரே நாள்ல கூட்டினா அதுவே உப்பும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், ப்ரோக்கோலி நம்ம மலையிலயே வெளையுதுன்னு கூடை கூடையா திங்காத, அதுவும் கேஸ் சாமான்தான். மலைப்பூண்டு வாயுவ விரட்டும்னு பாட்டி சொன்னாலும் பூண்டுல இருக்குற ஃப்ரக்டான்ங்கிற செரிக்காத நார் வகை சில வயித்துக்கு வாயுவக் கூட்டும், உன் வயிறு எந்தக் கட்சின்னு நீதான் பாக்கணும். இதுக்கு அப்புறமும் அடங்கலன்னா டாக்டரப் பாரு. ரத்தம், கரேல்னு தார் மாதிரி மோஷன், முயற்சி பண்ணாமலே எடை குறையுறது, ராத்திரி தூக்கத்துல எழுப்பி விடுற வலி, கண்ணு மஞ்சளாறது, இதுல ஒண்ணு இருந்தாலும் ரெண்டு வாரம் எல்லாம் காத்திருக்க வேணாம். கண்ணு மஞ்சளா இருந்தா ஜிம்ல யாரு என்ன மாத்திரை, என்ன ஊசி குடுத்தாங்கன்னு டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிருங்க, டப்பா இருந்தா கையோட எடுத்துட்டுப் போங்க. நம்ம கவர்மெண்ட் லாலி ஆஸ்பத்திரியில ஓபி காலைல, வொர்க்அவுட் முடிச்சுட்டு குளிச்சுட்டுப் போனாலே போதும்.